பாட்டில் இல்லாத எட்டாவது கட்டம்

பழைய பாட்டுகளைப் படக்கதையாக்குவதுதான் இப்போது என் பிழைப்பு. சென்னையில் ஒரு பதிப்பகத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவருகிறார்கள். அவர்கள் ஒரு பாட்டைக் கொடுப்பார்கள், நான் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து, பேச்சுக் குமிழி போட்டுக் கொடுப்பேன். பாட்டு நாலு வரி இருக்கும், புத்தகம் பதினாறு பக்கம் வேண்டும் என்பார்கள். நடுவில் இல்லாததையெல்லாம் நான்தான் ரொப்ப வேண்டும். போர்ப் பாட்டு என்றால் யானை, குதிரை, ரத்தம் எல்லாம் போட்டு ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன். காதல் பாட்டு வந்தால் மட்டும் வேறு ஆளைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். ஏன் என்று கேட்டால், எனக்கு அது வராது என்பேன். அது பச்சைப் பொய். எனக்கு நன்றாகவே வரும். ஏழாம் வகுப்பிலேயே வந்தது, அதனால் வந்ததுதான் இத்தனை வினையும்.

செஞ்சியில் எங்கள் வீடு திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. நைனா இரண்டு டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்டூரில் இருந்த பூர்வீக நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். நைனாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவருடைய கடைசித் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். இருவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு கடலைக்காட்டுக்கு நீர் பாய்ச்சிய கதையை யார் வீட்டுக்கு வந்தாலும் நைனா சொல்லாமல் விடமாட்டார். அத்தையும் நூறாவது முறையாகக் கேட்பதுபோல் இல்லாமல் சிரிப்பாள்.

அத்தை பி.காம். முடித்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மெஷினில் சிக்கிக் கெட்டுப்போன தாள்களைக் கடைக்காரர் தூக்கிப் போடாமல் அவளிடம் கொடுப்பார். ஒரு பக்கம் அரைகுறையாக அச்சாகியிருக்கும், மறுபக்கம் வெள்ளையாக இருக்கும். நான் சிறுவயதில் வரைந்த அத்தனை படமும் அந்த வெள்ளைப் பக்கத்தில்தான். திருப்பினால் யாருடைய பட்டாவோ, யாருடைய ரேஷன் கார்டோ, யாருடைய சாதிச் சான்றிதழோ இருக்கும். நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

அந்த வருடம் எங்கள் தமிழ் மிஸ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. இலக்கிய மன்ற விழா என்றால் வழக்கமாகப் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி என்று நடத்துவார்கள். மிஸ் அதோடு பழம்பாட்டுப் படக்கதை என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். ஆளுக்கொரு பாட்டு, ஒரு சார்ட், அதில் எட்டுக் கட்டம். சீட்டுக் குலுக்கிப் பாட்டைப் பிரித்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் அரசனும் புலவனும் தேரும் யானையுமாக வந்தது. எனக்குக் காதல் பாட்டு. சீட்டைப் பிரித்து மிஸ் வாசித்ததும் வகுப்பே ஊளையிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாட்டு எது என்று சொல்லப்போவதில்லை. ஆறே வரி. ஒரு பெண் சோறு தண்ணீர் இல்லாமல் இளைத்துப்போகிறாள். தாய் பயந்து, சாமி குற்றமாக இருக்கும் என்று பூசாரியைக் கூப்பிடுகிறாள். அப்போது அந்தப் பெண்ணின் தோழி குறுக்கே வந்து தாயிடம் சொல்கிறாள், இது சாமி குற்றம் இல்லை, மலைச் சுனையில் இவள் குடம் நழுவியபோது ஒருவன் எட்டிப் பிடித்துக் கொடுத்தான், அன்றிலிருந்துதான் இப்படி, பூசாரியை விட்டுவிட்டு அவனுக்கு ஆள் அனுப்பு என்று. அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடும். தாய் என்ன பதில் சொன்னாள் என்று இருக்காது.

"அப்புறம் இன்னா ஆச்சு மிஸ்?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும், கல்யாணம்தான். தோழி இப்படி வீட்ல உண்மைய எடுத்துச் சொல்றதுக்கு அறத்தொடு நிற்றல்னு பேரு. தோழி சொன்னா வீட்ல கேட்டுக்குவாங்க. நம்ம முன்னோருங்க காதலுக்குக் குறுக்க நின்னவங்க இல்ல" என்றார் மிஸ். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் அதை நோட்டின் ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

அந்த மாதிரிப் பாட்டில் யாருக்கும் பேர் சொல்லக்கூடாது என்பது பழைய விதி என்றும் மிஸ் சொன்னார். நல்ல விதிதான். ஆனால் பேர் இல்லாமல் பாட்டு எழுதிவிடலாம், மூக்கு இல்லாமல் படம் போட முடியாதே. யார் முகத்தைப் போடுவது என்று கேட்டேன். வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துப் போடு, அப்போதுதான் உயிர் இருக்கும் என்றார். தலைவிக்கு முகம் தேடி நான் தெருத்தெருவாகப் போக வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தது.

என்ன பாட்டு என்று அத்தைதான் முதலில் கேட்டாள். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சீப்பு ஓடவே இல்லை. பிறகு, "மலைய நேர்ல பாக்காம எப்பிடிடி வரைவ?" என்றாள். அன்று சாயந்திரமே நைனாவிடம், பாப்பாவுக்கு ஸ்கூலில் மலை வரையச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டாள். கோட்டை எங்களுக்கு வேப்பமரம் மாதிரி, தினமும் கண்ணில் படும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நைனாவுக்கே ஆச்சரியம். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர். எனக்கு ஏற்கெனவே தெரிந்த முகம்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காமல் வகிடு எடுத்ததுபோல் இருக்கும். நைனாவின் போனை இரண்டு முறை சரிசெய்து கொடுத்திருக்கிறார். "அவன் கை பட்டா செத்த போனும் பேசும், நல்ல பையன், வாய் பேச மாட்டான்" என்று நைனா வீட்டில் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. அவர் காலனியைச் சேர்ந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவர் கீழ்த்தெருவில் இருக்கிறார், இன்னொருவர் மந்தைவெளியில் இருக்கிறார் என்பதுபோலத்தான் அதைத் தெரிந்துவைத்திருந்தேன்.

எனக்கு இரண்டு முட்டை பப்ஸ் வாங்கிவந்திருந்தார். களஞ்சியத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்து வரை, குரங்கு வந்தால் கூப்பிடு என்றார்கள். குரங்கு வந்தது, நானும் கூப்பிட்டேன், இருவரும் வரவில்லை. ஒரு பப்ஸ் அதோடு போயிற்று. படிக்கட்டில் அவர்கள் இரண்டு ஆள் உட்காரும் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் வாயைப் பொத்திச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அதையும் வரைந்துகொண்டேன்.

திரும்பும்போது, "வரேன்ணா" என்று அவரிடம் சொன்னேன். அத்தை என் காதைப் பிடித்துத் திருகினாள். "அண்ணா இல்லடி, மாமா. வெளிய சொல்லிடாத. மனசுக்குள்ள கூப்டுக்கோ." அவர் வெட்கப்பட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். எனக்கு அந்த ரகசியம் பிடித்திருந்தது. வீடு வரைக்கும் மனசுக்குள் மாமா, மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு முடிந்து இரண்டு நாள் கழித்து அவலூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு மாட்டுத்தீவனக் கடை. கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. அன்றிலிருந்து அத்தை சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோறு காய்ந்து போகும். நாலு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. கோட்டையில் காத்து கருப்பு பட்டிருக்கும், வயசுப் பெண்ணை அந்தக் கல்லுமேட்டுக்கு அனுப்பியது தப்பு என்று அம்மா புலம்பினாள். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்து, மந்திரித்த கயிறு கட்டிக் கூட்டிவந்தாள்.

கயிற்றைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடேயப்பா, இது அப்படியே என் பாட்டு. இளைத்த பெண் இருக்கிறாள், பயந்த தாய் இருக்கிறாள், பூசாரி இருக்கிறார், மலையில் சந்தித்தவன் இருக்கிறான். ஒரே ஒரு ஆள்தான் குறைவு. தோழி. அது யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தோழி சொன்னால் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள் என்று மிஸ் சொல்லி, நான் இரண்டு கோடு வேறு போட்டுவைத்திருக்கிறேன். நைனாவுக்கோ மாமாவை ஏற்கெனவே பிடிக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? அதிகப்பிரசங்கி என்று அம்மா என்னைத் திட்டுவாள், அந்தத் திட்டுக்கு நான் அந்த வாரம்தான் முழுத் தகுதி பெற்றேன்.

வாயால் சொல்லப் பயமாக இருந்தது. படம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நாள் உட்கார்ந்து வரைந்தேன். முதல் கட்டத்தில் கோட்டை மலை. இரண்டாவதில் சுனை, குடம். மூன்றாவதில் குடத்தைப் பிடித்துக் கொடுக்கிறவன், இடது புருவத்தில் தழும்போடு. நாலாவதில் வாயைப் பொத்திச் சிரிக்கும் அத்தை. ஐந்தில் காய்ந்த சோற்றுத் தட்டு. ஆறில் பூசாரி, வேப்பிலை. ஏழாவதில் ரெட்டைச் சடை போட்ட தோழி கையை நீட்டி உண்மையைச் சொல்கிறாள், அவளுக்கு என் முகம். பாட்டு அதோடு தீர்ந்துவிட்டது. ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் நைனாவை வரைந்தேன். அவருடைய மீசை, அவருடைய கோடு போட்ட சட்டை, கையில் மாலை. வாய் நிறையச் சிரிக்கிறார். குமிழிக்குள், 'அவனையே கட்டி வைப்போம்' என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

அத்தை பார்க்க வேண்டும் என்று கெஞ்சினாள். விழாவுக்கு வந்து பார் என்று சுருட்டி வைத்துவிட்டேன். அவளுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நைனாவை மட்டும் ஒரு வாரமாக நச்சரித்து வரவழைத்தேன். டிராக்டருக்கு வேலை இல்லாத நாள், அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

சிறப்பு விருந்தினர் ஒருவர் தமிழர் காதலையும் வீரத்தையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். காதலுக்குச் சாதி பார்க்காத மண் இது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நைனாவும் தட்டினார். நான் திரும்பிப் பார்த்து அதை உறுதிசெய்துகொண்டேன்.

ஹாலில் சார்ட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். என் சார்ட்டுக்கு முன்னால்தான் கூட்டம். இது உங்கத்தைதான, அப்படியே இருக்குது என்று பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவது கட்டத்தைப் பார்த்து ஒருத்தி மற்றவளின் இடுப்பைக் கிள்ளினாள். நைனா வந்ததும் இருவரும் நகர்ந்துவிட்டார்கள். அவர் முதல் கட்டத்திலிருந்து உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டு வந்தார். மூன்றாவதில் நெடுநேரம் நின்றார். பிறகு ஒரே தாவலில் எட்டாவதுக்குப் போய்த் தன்னையே பார்த்தார்.

தமிழ் மிஸ் வந்து, "உங்க பொண்ணுக்கு நல்ல கற்பனைங்க. இதுக்குத்தான் முதல் பரிசு" என்றார்.

"கற்பனையா மிஸ்?" என்று நைனா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு, "இத வீட்டுக்கு எடுத்துனு போலாமா?" என்றார். விழா முடியட்டுமே என்றார் மிஸ். பரவாயில்லை என்று சொல்லி நைனாவே ஆணியிலிருந்து கழற்றி, மெதுவாக, ஓரம் மடங்காமல் சுருட்டினார். என் படத்தை அவ்வளவு பத்திரமாக யாரும் கையில் எடுத்ததில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வண்டியில் போகும்போது வீட்டுப் பக்கம் திரும்பாமல் தாலுகா ஆபீஸ் ரோட்டில் போனார். செல்போன் கடை முன்னால் நிறுத்தினார். ஆள் அனுப்பு என்று பாட்டில் இருக்கிறது, நைனா நேராகவே வந்துவிட்டார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சார்ஜ் ஏற மாட்டேங்குது என்று நீட்டினார். மாமா குனிந்து ஊதிப் பார்த்தார், பின்னைச் செருகிப் பார்த்தார். நைனா போனைப் பார்க்கவில்லை, புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணா, நல்லாதான் இருக்குது" என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாம்தான் தெரிந்தாகிவிட்டதே, இனி எதற்கு மனசுக்குள் கூப்பிட வேண்டும். "மாமா, எனக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். நைனா, "வரேம்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வழியில் எனக்கு ரோஸ் மில்க்கூட வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒரு டீ சொல்லி, அதைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

அத்தை வேலை முடிந்து வந்தபோது சார்ட் கட்டிலின் மேல் விரித்துக் கிடந்தது. நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்திருந்தார் நைனா. அம்மா சுவரோரமாக நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, நாலாவது கட்டத்தை விரலால் தொட்டாள்.

"என் மூக்கு இவ்ளோ நீளமாடி?" என்றாள்.

"எட்டாவதுல பாரு அத்த, நைனா சிரிக்கிறாரு" என்றேன். தெருவில் தண்ணீர் லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா வரஞ்சிருக்க பாப்பா" என்றாள் அத்தை. பிறகு நைனாவைப் பார்த்து, "ஆமாண்ணா" என்றாள். அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நைனா அன்று கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது நினைக்கிறேன். அவளுடைய போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பெரியப்பாவுக்குப் பேச மாடிக்குப் போனார். அம்மா சார்ட்டை நாலாக மடித்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். முதல் பரிசு வாங்கியது என்று நான் அழுதேன். அந்த வீட்டில் அன்று நான் அதற்காகத்தான் அழுதேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா கார் எடுத்துக்கொண்டு வந்தார். தொண்டூரில் நாலு நாள் இருந்துவிட்டு அங்கிருந்தே கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள். அத்தை முகம் கழுவப் போகிறவள்போல் பின்கட்டுக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "அவருகிட்ட போய் ஊர வுட்டு உடனே போயிட சொல்லு. நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. மறந்துடாத." நான் மறக்கவில்லை. பள்ளிக்குப் போகிற வழியிலேயே போனேன். கடை ஷட்டர் நடுவில் குழிந்திருந்தது. கண்ணாடி ஷோகேஸ் ரோட்டில் நொறுங்கிக் கிடந்தது, போன் உறைகளை இரண்டு பையன்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, இங்க நிக்காத பாப்பா, போ என்றார். நான் சொல்வதற்கு முன்பே மாமா கிளம்பிவிட்டார்போல, கடையைக்கூட ஒழுங்காகக் கட்டாமல் போய்விட்டாரே என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலை போன் வந்தது. அம்மா போனைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் அறைந்துகொண்டாள். நாங்கள் தொண்டூர் போய்ச் சேர்ந்தபோது அத்தைக்கு மஞ்சள் பூசி, புதுச் சேலை போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். கிட்டத்தில் போகவிடாமல் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டார்கள். வயிற்றுவலி, பாவம், ராத்திரியெல்லாம் துடித்தாளாம் என்று வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு அவசரமாக ஒரு சாவு போய் நான் பார்த்ததில்லை. நைனா தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடையைத் தூக்கியபோது மட்டும், மாடு கத்துவதுபோல் ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அவர் பொய்யாக அழவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு விளங்காதது அதுதான்.

மூன்று நாள் கழித்துப் போலீஸ்காரம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். செல்போன் கடைக்காரர் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே, அத்தையின் சாவில் சந்தேகம் என்று மனு எழுதிக் கொடுத்திருந்தார். எரித்த சாம்பலைத்தான் கரைத்தாகிவிட்டதே, இனி ஆட்களைத்தானே கேட்க முடியும். போலீஸ்காரம்மா முதலில் தமிழ் மிஸ்ஸைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அது வெறும் பழைய பாட்டு, யாரையும் பார்த்து வரைந்தது இல்லை என்று மிஸ் சொல்லிவிட்டாராம். அம்மாவைக் கேட்டார், பெரியப்பாவைக் கேட்டார், அவர்கள் சொன்னதெல்லாம் வார்த்தை பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, பேனாவை மூடாமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

"உங்க அத்தைக்கு வயித்துவலி வருமா பாப்பா? முன்ன எப்பவாச்சும் வந்து நீ பாத்திருக்கியா? பயப்படாம சொல்லு."

அம்மா காலையிலேயே என்னைப் பிடித்து, வயிற்றுவலி என்று மட்டும் சொல், வேறு வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்லச் சொல்கிறாளே என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒருமுறை உண்மையைச் சொல்லியே வீடு இப்படி ஆகிவிட்டது, பொய்யும் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயம். ஆனால் கேள்வி வந்ததும் யோசித்துப் பார்த்தேன். பொய்யே வேண்டாம். அத்தைக்கு வயிற்றுவலி வரும். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெந்நீர் பாட்டிலை அடிவயிற்றில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"வரும் மேடம். மாசாமாசம் வரும். ரெண்டு நாளு எழுந்துக்கவே மாட்டாங்க. ஒரு தடவ வலி தாங்காம அழுதாங்க, நான்தான் வெந்நி வெச்சிக் கொடுத்தேன்" என்றேன்.

போலீஸ்காரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரும் ஒரு பெண்தான். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். பிறகு அவர் குனிந்து, எனக்குத் தெரிகிற மாதிரி, 'அடிக்கடி தீராத வயிற்றுவலி' என்று எழுதி, கீழே என் பேரையும் வயதையும் எழுதிக்கொண்டார். சின்னப் புள்ள பொய் சொல்லாது என்றார் பெரியப்பா. நைனா என் தலையில் கை வைத்தார். விழா நடந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் செய்த தப்பு எதுவோ, அதை மன்னித்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் ஆடி மாதம் நான் பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, ஊரைக் கூட்டிச் சீர் செய்தார்கள். இரண்டாவது மாதம் வலி பிடித்தது. உயிர் போகிற வலி. பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அத்தையைப் போலச் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன், அதை அம்மாவிடம் சொல்லவும் சொன்னேன்.

அம்மா வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயித்தியம். ரெண்டு நாளு, தன்னால சரியாயிடும். இந்த வலிக்கெல்லாம் யாரும் செத்துப் போறதில்ல" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் கை பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.